வரிப்புல்லும் உழவாரமும்

மாரி முடிந்து புல் மதாளித்து நின்ற காலத்தில், வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலர் எமது பாடசாலை மைதானத்துக்குப் புல்வெட்டும் யந்திரம் ஒன்று வாங்கித்தர முன்வந்தனர். யந்திரத்தின் பின்புறத்தே உருளை பொருந்தியிருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் இட்ட நிபந்தனை. இங்கிலாந்தின் விளையாட்டு மைதானங்களில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாக மாறிமாறி ஓடுகின்றனவே, அத்தகைய வரிகள் எமது மைதானத்திலும் ஓடவேண்டுமாம். விலை மலிந்த யந்திரம் ஒன்றைத் தேர்ந்து சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விலைப்பட்டியல்களைப் புரட்டத் தொடங்கியவன் வரலாற்று நூல்களில் போய்ச் சேர்ந்தேன். அங்கு கண்டவற்றை மாணவ நண்பர்களும் அறிந்திருப்பது நல்லதென்று தோன்றுகின்றது.

முதலில் அந்த வரியின் மர்மத்தைச் சொல்லிவிடுகிறேன். இரு நிறப் புல் அங்கில்லை, சாயமுமில்லை. உருளை தான் செல்லும் திசையிற் புல்லின் தாளைச் சாய்த்துவிடுகின்றது. எம்மை விட்டு அப்பாற் சாய்ந்த தாள் தன் அகன்ற முகத்தால் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெளிறித் தோன்றும். எம்மை நோக்கிச் சாய்ந்த தாளோ நுனியையும் நிழலையுமே காட்டுவதால் இருண்டு தோன்றும். மைதானத்தின் மறுகரைக்குப் போய் நின்று பார்த்தால் வெளிறியது இருளும், இருண்டது வெளிறும். பார்ப்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்து நிறம் மாறும் அழகு இது.

யந்திரம் பிறந்த கதை இதனினும் சுவையானது. இங்கிலாந்தின் குளொஸ்ரர்ஷயரில் ஸ்ட்ரௌட் என்னும் பள்ளத்தாக்குக் கம்பளித் துணி ஆலைகளால் நிறைந்திருந்தது. நெய்த துணியின் மேல் எழுந்து நிற்கும் மயிரைச் சீராகக் கத்தரிப்பதற்கு, சுருளாகக் கத்திகள் பொருத்திய யந்திரம் ஒன்றை அங்கு பயன்படுத்தினர். எட்வின் பட்டிங் என்ற பொறிவினைஞன் அதைக் கண்டு, துணியின் மயிரை வெட்டுவது புல்லையும் வெட்டாதா என்று சிந்தித்தான். 1830 ஓகஸ்ட் 31இல் அவனுடைய யந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜோன் ஃபெராபி என்ற பட்டறை முதலாளியுடன் கூட்டுச் சேர்ந்து அதை உற்பத்தி செய்தான். வெட்டும் அகலம் 19 அங்குலம். பின்னால் ஒருவன் தள்ளப் பெரிய இரும்புருளை உருளும். அதன் சுழற்சி பற்சக்கரங்களின் வழியே கத்திகளுக்குச் செல்லும். ஆகவே உருளை அழகுக்காக வந்ததன்று. யந்திரத்தை இயக்கிய உறுப்பே அதுதான். வரி என்பது அதன் அடித்தடம்.

சிறிய யந்திரத்தின் விலை ஏழு கினி, பெரியது பத்துக் கினி. நீண்ட பிடி கொண்ட அரிவாளை வீசிப் பனி ஈரத்திற் புல் அறுத்த ஆட்கள் ஆறு எட்டுப் பேரின் வேலையை இரண்டு பேர் இந்த யந்திரத்தால் முடித்துவிடுகின்றனர் என்று லண்டன் விலங்கியற் பூங்காவின் மேற்பார்வையாளர் சான்று கூறினார். எஞ்சிய நான்கு ஆறு பேர் எங்கே போனார்கள் என்பதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

நாமாவது அதைக் கேட்போம். ஸ்ட்ரௌடில் யந்திரத்துக்கு உரிமை எழுதப்பட்ட அதே 1830 ஓகஸ்ட் இறுதியிலேதான், கெண்ட் மாவட்டத்தில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் யந்திரங்களை உடைக்கத் தொடங்கினர். குளிர்காலத்தில் கையாற் கதிரடித்துக் கிடைத்த கூலியை அந்த யந்திரம் பறித்துக்கொண்டது. 'கப்டன் சுவிங்' என்ற கற்பனைப் பெயரிற் கையெழுத்திட்ட மிரட்டற் கடிதங்கள் பண்ணையார்களின் வாசலுக்கு வந்தன. கிளர்ச்சி தென் இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. இறுதியில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஐந்நூறு பேரளவில் ஆஸ்திரேலியச் சிறைத்தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். இதற்கு முன்னரும் ஓர் அத்தியாயம் உண்டு. பட்டிங்குக்கு வழிகாட்டிய துணி கத்தரிக்கும் யந்திரத்தின் முன்னோடிகளை யோர்க்ஷயர்த் தொழிலாளர் 1812இற் சம்மட்டியால் உடைத்தார்கள். பெரிய கத்தரிகொண்டு கையாலே துணிமயிர் வெட்டிப் பிழைத்தவர்கள் அவர்கள். 1813 ஜனவரியில் யோர்க் நகரில் 17 பேர் தூக்குமேடை ஏறினர்.

யந்திரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அரிவாள் வீசி முதுகொடிந்தவனுக்கு அந்த உருளை ஓரளவு ஆறுதலாகவே இருந்திருக்கும். பட்டிங்கும் உழைப்பாளிதான். திருகிகள், கைத்துப்பாக்கி எனப் பலவற்றைக் கண்டுபிடித்தும் பெருஞ்செல்வனாகாமலே 1846இல் மறைந்தான். 1832 முதல் உரிமம் பெற்று யந்திரத்தைச் செய்து விற்ற இப்ஸ்விச் நகர் ரான்ஸம்ஸ் போன்ற கம்பெனிகளே அதனால் வளர்ந்தன. கேள்வி யந்திரத்தைப் பற்றியதன்று. அது வெட்டிய புல் எவருடைய நிலத்தில் நின்றது என்பதைப் பற்றியது.

அந்த நிலத்தின் வரலாறு இது. 1604க்கும் 1914க்கும் இடையில் ஆங்கில நாடாளுமன்றம் 5200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றி, 68 இலட்சம் ஏக்கர் நிலத்தைத் தனியார் வேலிக்குள் அடைத்தது. ஏழைக் குடியானவன் தன் ஒற்றைப் பசுவை மேய்த்த பொதுவெளியும் அதில் அடங்கும். பிரபுவின் மாளிகை முன்னே மாடு மேயாத புல்வெளி விரிந்தது. விளைச்சல் எதுவும் எதிர்பாராமல் இவ்வளவு நிலத்தைச் சும்மா போட்டுவைக்க என்னால் முடியும் என்பதே அந்தப் பச்சைக் கம்பளத்தின் பேச்சு. அமெரிக்கப் பொருளியலறிஞர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899இல் வெளியிட்ட ஓய்வு வர்க்கம் பற்றிய நூலில் இதனை நையாண்டியோடு ஆராய்ந்தார். புல்வெளி என்பது உண்மையிற் பசுவுக்குரிய மேய்ச்சல் தரையே; ஆனால் பசுவை விட்டால் சிக்கனத்தின் வாடை வீசும் என்பதாற் கனவான்கள் அதை விலக்கிவைக்கின்றனர் என்பது அவர் கருத்தின் சாரம்.

இந்த நாகரிகம் எம் குடாநாட்டுக்கு எப்படி வந்தது? பட்டிங் காப்புரிமை பெறுவதற்கு ஓராண்டு முன்னர், 1829இல், பேர்சிவல் அக்லண்ட் டைக் என்ற இளம் அதிகாரி யாழ்ப்பாணம் வந்தார். 1867இல் கோப்பாயில் இறக்கும்வரை வடக்கின் நிர்வாகம் பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தது. 'வடக்கின் ராசா' என்று அவரைக் குறிப்பிட்டனர். சுண்டிக்குளியில் அவர் அமைத்த வாசஸ்தலமும் மரங்கள் சூழ்ந்த தோட்டமும் 'பழைய பூங்கா' என்ற பெயரில் இன்றும் அறியப்படுகின்றன. பின்பு அரசாங்க அதிபராயிருந்த ருவைனமும் அவ்வழியே வாழ்ந்தார். வெள்ளைக்கார அதிகாரி, மிஷனரி, அவர்களைப் பார்த்து வளர்ந்த உள்ளூர்க் கறுவாத்தோட்டக் கனவான் என்ற வரிசையிலே புல்தரை ஒரு தகுதிச் சின்னமாயிற்று. கோட்டைக்கு முன்னுள்ள முற்றவெளியின் கதை வேறு. பீரங்கிக் குண்டுக்கு வழி மறைக்காதிருக்க வெறுமையாக விடப்பட்ட தரை அது. எங்கள் ஊர்ப் பையன்கள் அதைப் பந்தடிக்கும் வெளியாக்கிக்கொண்டார்கள்.

எமது மரபிலோ வீட்டின் முன்னே புல் நிற்பது பெருமையன்று. முற்றம் என்றால் கூட்டிப் பெருக்கிச் சாணந் தெளித்த மண்தரை. விடியற்காலையில் ஈர்க்குமாறு மணலில் வரைந்து செல்லும் வளைகோடுகளே எங்கள் வீட்டு வரிகள். முற்றத்திற் புல் முளைத்ததென்றால் வீட்டில் ஆளில்லை என்பது பொருள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, பல ஆண்டுகளின் பின்னர் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்கள் அந்தப் பொருளை நன்கறிவர். ஆளுயரப் புல்லும் பற்றையும் வெட்டித்தான் தம் வீட்டு அத்திவாரத்தைத் தேடவேண்டியிருந்தது.

புல்லை அகற்ற எமக்கோர் ஆயுதமும் உண்டு: உழவாரம். ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் கோயில் வீதிகளிற் புல் செதுக்கியதாகச் சொல்லப்படும் அதே படை. சிவன்கோயிற் சுவரிலே அவர் தோளிற் சாத்தியபடி நிற்கும் அக்கருவியைக் கும்பிடுகின்றோம். அதே கருவியால் வெயிலிற் குந்தியிருந்து புல்லுச் செருக்கும் கிழவியை ஏறிட்டும் பாரோம். செருக்கிய புல் வீணாவதில்லை. மண்ணை உதறிக் கட்டாகக் கட்டினால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. அறுகைப் பிள்ளையாருக்குச் சாத்துவோம். மணமக்களுக்கு அறுகரிசி இடுவோம். வெங்காயத் தோட்டத்தில் அதே அறுகைக் கண்டால் வேரோடு கிண்டி எறிவோம். உலகின் வெப்பநாட்டு மைதானங்களிலெல்லாம் 'பெர்முடாப் புல்' என்று விலைகொடுத்து வளர்க்கப்படுவது இந்த அறுகேதான். குளிர்நாட்டு மைதானப் புல்லைப் போல் நீண்டு நெகிழ்ந்து சாயாத குட்டையான விறைத்த தாள் என்பதால் இதில் வரி அவ்வளவு தெளிவாக விழுவதுமில்லை.

புல்லைவிடத் தண்ணீரே எம் மண்ணிற் பெரிய பிரச்சினை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்று குடாநாட்டிலில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே எமது உயிர். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அதனை நிரப்புகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் கீழுள்ள உவர் மேலே ஏறும். துலா மிதித்து இறைத்த தலைமுறை ஒவ்வொரு பட்டைத் தண்ணீரின் விலையையும் அறிந்திருந்தது. பங்குக் கிணற்றில் முறை தவறி இறைத்ததால் வெட்டுக்குத்தில் முடிந்த சண்டைகளும் உண்டு. அந்தக் கிணற்றிலே வாளி போடும் உரிமையே பஞ்சமர் எனப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், எவராவது வார்த்துத் தரும்வரை கிணற்றடியிற் குடத்தோடு காத்து நின்ற பெண்கள் இருந்தனர். தண்ணீர் உண்டு, உனக்கில்லை என்ற அந்த வழக்கத்தை எண்ணாமல் இந்த மண்ணில் அழகுப் புல்லுக்கு நீர் ஊற்றுவதைப் பற்றிப் பேச என்னால் முடியவில்லை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். எழுபது மீற்றர் ஆரையுள்ள துடுப்பாட்ட மைதானத்தின் பரப்பு ஏறக்குறைய 15,400 சதுர மீற்றர். கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீர் பாய்ச்சினால் 77,000 லீற்றர். ஆளுக்கு 100 லீற்றர் வீதம் 770 பேரின் ஒருநாட் தேவை. மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானமொன்றை அமைக்கும் வேலை 2025இல் தொடக்கி வைக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகள் பெரிய ஆட்டங்களை ஆடவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் 'வடக்கின் போர்' நாளில் நகரமே கூடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆயினும் கடல் சூழ்ந்த சிறு தீவில் அந்தப் புல்லுக்கு நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை மாணவர் இப்போதே எழுப்பலாம்.

இனி யந்திரத் தேர்வுக்கு வருவோம். கையாலே தள்ளும், இருபுறமும் சில்லுள்ள யந்திரமே மிக மலிவு. ஆனால் அதில் வரி விழாது. கத்தியுருளையும் பின்னுருளையும் உள்ள கைத்தள்ளு யந்திரம் பட்டிங்கின் நேர் வாரிசு. அது கத்தரி போல் வெட்டும். கடதாசித் துண்டொன்றைக் கொடுத்தாற் சுத்தமாக அறுக்கவேண்டும், அதுவே சோதனை. எமது தரையிலுள்ள சுண்ணக்கல் ஒன்று அகப்பட்டாற் போதும், கத்தி பல் விழுந்துவிடும். உயர்ந்த புல்லையும் அது வெட்டாது. பெற்றோலில் ஓடும் சுழல்தகட்டு யந்திரத்திலும் பின்னுருளை உள்ளவை உண்டு. உயர்ந்த புல்லை வெட்டும், தகட்டை அரத்தாலே தீட்டிக்கொள்ளலாம், விலைதான் மலையேறும். தவிரவும், 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய ஊர் இது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றதும் பழங்கதையன்று.

கைத்தள்ளு யந்திரத்தின் வெட்டகலம் பதினான்கு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், முழு மைதானத்தையும் ஒருமுறை வெட்டி முடிக்கத் தள்ளுபவன் ஏறக்குறைய 43 கிலோமீற்றர் நடக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு நடப்பதிலும் கூடிய தூரம் அது. வரி கேட்ட நண்பர்களுக்கு இந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன். முப்பது மீற்றர் சதுரமான நடுத்தரைக்கு மட்டும் என்றால் இரண்டரைக் கிலோமீற்றர். அது மனிதனால் இயலும். மிகுதிக்கு உழவாரமும், நாட்கூலியை உயர்த்திக் கொடுப்பதற்கு ஒரு சிறு தொகையும் கேட்டோம். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், அப்படியானால் வரி தூரத்திலிருந்து தெரியாதே என்று வருந்தினார்.

யந்திரம் வந்து இறங்கிய அன்று அதிபரும் நாமும் உருளையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மைதானத்திற் பல ஆண்டுகளாகப் புல்லுச் செருக்கிவரும் மூதாட்டி சாக்கோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, வெட்டின புல்லு எங்கை போய் விழும்?"

முன்னாலுள்ள பெட்டியைக் காட்டினேன். கையை உள்ளே விட்டு அளந்து பார்த்தார். பின்னர், நாலு பெட்டிக்கு ஒரு சாக்கு நிரம்பும், மறி இரண்டுக்கும் ஒருநேரத்துக்குக் காணும் என்று சொல்லிவிட்டு, சாக்கை யந்திரத்தின் கைபிடியிலேயே கட்டிவைத்துப் போனார்.