அடுப்படி காத்த புத்தாண்டு

இந்தோனேசியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சீனப் புத்தாண்டு வீட்டுக்குள் மட்டுமே நடந்தது. 1967 டிசம்பரில் அப்போது ஆட்சியிலிருந்த சுகார்த்தோ பிறப்பித்த 14-ஆம் எண் ஆணை, சீனர்களின் வழிபாடும் திருவிழாக்களும் பொது இடத்தில் கண்ணில் படக்கூடாது, குடும்பத்துக்குள் நடத்திக்கொள்ளலாம் என்றது. தெருவில் சிங்க நடனம் நின்றது. சீனப் பள்ளிகள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. பலர் பெயரைக்கூட மாற்றிக்கொண்டார்கள்.

இந்தோனேசியாவின் மேடானிலிருந்து பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா அந்தக் காலத்தில் வளர்ந்தவர். இரண்டு ஊரிலும் சீனர்கள் பேசுவது ஹொக்கியன்தான் என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. கதவில் ஒட்டும் சிவப்புத் தாளின் சீன எழுத்தைத்தான் அவரால் வாசிக்க முடியாது. பள்ளி தரவேண்டியது கிடைக்கவில்லை. பாட்டி தந்தது முழுதாகக் கிடைத்தது.

அந்தக் காலத்தில் புத்தாண்டன்றும் அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அதனால் முந்தின நாள் மாலைதான் பண்டிகை. முன்னோருக்குக் கோழியும் மீனும் படைத்து ஊதுபத்தி ஏற்றுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டி இரண்டு நாணயங்களைத் தரையில் போடுவார். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் முன்னோர் சாப்பிட்டாயிற்று. இரண்டும் ஒன்றுபோல் விழுந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு, தங்களுக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்று பாட்டி பெயர் சொன்னது அந்த நேரத்தில்தான்.

அடுப்படித் தெய்வம் ஆண்டு முடிவில் வானுலகம் போய் வீட்டு நடப்பைச் சொல்லும் என்பது நம்பிக்கை. அது நல்லதையே சொல்லட்டும் என்று இனிப்புப் படைப்பார்கள். ஒட்டும் அரிசி மாவில் சர்க்கரை கலந்து மணிக்கணக்காக ஆவியில் வேகவைக்கும் குவே கெராஞ்சாங் அந்தப் பருவத்துப் பலகாரம். பாட்டி அதன் பக்குவத்தைக் கையைப் பிடித்துத்தான் கற்றுக்கொடுத்தார்.

1998 மே மாதம் சுகார்த்தோ பதவி விலகினார். 2000 ஜனவரியில் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் அந்த ஆணையை நீக்கினார். 2003 முதல் புத்தாண்டு தேசிய விடுமுறை. சிங்கங்கள் தெருவுக்குத் திரும்பியபோது, படையலை எப்படி வைப்பது என்று அக்காவின் குடும்பம் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தை மட்டும் அடுத்த தலைமுறை வகுப்புக்குப் போய்க் கற்கிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் நாமும் முன்னோருக்குப் படைக்கிறோம். இந்த ஆண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். யாருக்குப் படைக்கிறோம் என்று பெயர் சொல்லுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது.