முப்பத்தாறு படங்கள்

நம் சீனியர்கள் வேடந்தாங்கலுக்கு கேமரா கொண்டுபோன காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான். நத்தைகுத்தி நாரை சிறகு விரிக்கும்வரை விரல் காத்திருக்கும். கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ஊட்டியிலேயே தயாரானது: 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967-இல் உற்பத்தி, பெயர் 'இந்து'. இன்று அது நின்றுவிட்டது. 1975-இல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கியவர் கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாசன். அந்த டிஜிட்டல் அலையிலேயே 2012-இல் கோடக் திவால் மனு போட்டது!

இசையிலும் இதே கதைதான். 1982-இல் வந்த சி.டி., ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்குகிறது. எண்ணை எத்தனை பிரதி எடுத்தாலும் தரம் குறையாது, கேசட்டில் குறையும். ஆனால் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தாலே முகம் தெரியும். எண்ணைப் படிக்க இயந்திரம் வேணும். அதனால் பொறியாளனாக நான் சொல்வது: பரணில் கிடக்கும் கல்லூரி நெகட்டிவ்களை ஸ்கேன் பண்ணுங்க, பண்ணியபிறகும் தூக்கி எறியாதீங்க!