செய்நிரலாளர் தெரிவும் தொழிலும்: ஒரு வரலாற்று நோக்கு

பெரிய மென்பொருள் நிறுவனமொன்றிற் பணி நாடிச் செல்லும் பட்டதாரி, நேர்முகப் பரீட்சையில் தனித்து நின்று புதிர்களை விடுவிக்கின்றார். பணியிற் சேர்ந்த பின்னரோ பலருடன் கூடி உழைக்கின்றார். தெரிவுக்கும் தொழிலுக்கும் இடையிலான இம்முரண்பாடு தோன்றிய வகையை ஆராய்தல் பயனுடைத்து.

1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எனியாக் கணிப்பொறிக்குச் செய்நிரல் அமைக்கத் தெரிவுசெய்யப்பட்ட அறுவரும் பெண்களே. அக்காலத்தில் அப்பணி எழுதுவினைஞர் பணியை ஒத்ததாகவே கருதப்பட்டது. 1950களில் கணிப்பொறி வணிக நிலையங்களிற் புகவே, செய்நிரலாளருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இத்தொழிலுக்கெனப் பட்டப்படிப்பு எதுவும் இல்லாத நிலையில், ஐ.பி.எம். நிறுவனம் 1955இல் உளச்சார்புப் பரீட்சையொன்றை வகுத்தது. எண்தொடர், உருவத் தொடர்பு, எண்கணிதம் என்பனவே அதன் கூறுகள்.

1966இல் கனன், பெரி எனும் உளவியலாளர் இருவர் 1,378 செய்நிரலாளரை ஆராய்ந்தனர். அவருள் பெண்கள் 186 பேரே. புதிர்களில் விருப்பும், மக்களோடு பழகுவதில் நாட்டமின்மையும் செய்நிரலாளரின் இயல்புகள் என்பது அவர்தம் முடிபு. இருப்பதைக் கூறிய அம்முடிபே பின்னர் இருக்கவேண்டியதைக் கூறும் அளவுகோலாயிற்று. பெண்கள் இத்துறையிற் பின்தள்ளப்பட்டமைக்கு இதனையும் ஒரு காரணமாக வரலாற்றாசிரியர் காட்டுவர்.

தொழிலின் தன்மையோ வேறாகவிருந்தது. 1968இல் மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவிற் கூடிய மாநாடு, பெருந்திட்டங்கள் காலங்கடந்தும் செலவு மிகுந்தும் தடுமாறுவதை ஆராய்ந்தது. 'மென்பொருட் பொறியியல்' எனும் தொடர் பரவியதும் அதன் பின்னரே. ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்/360 திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ், பிந்திய திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்ப்பின் அது இன்னும் பிந்தும் என 1975இல் எழுதினார். புதியோரைப் பழக்குவதும் ஒருவரோடொருவர் கருத்துப் பரிமாறுவதும் காலத்தை விழுங்குவதே அதற்குக் காரணம். 2013இல் கூகிள் நிறுவனத்தின் பணியாளர் பிரிவுத் தலைவரே விடுகதை வினாக்களாற் பயனில்லை என ஒப்புக்கொண்டார். எனினும் வெண்பலகை முன் தனித்து நிறுத்தும் வழக்கம் முற்றாக மறையவில்லை.

இலங்கையிலும் இவ்வினா எழுதல் இயல்பே. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 1985இற் கணினித்துறை தோன்றியது. 1996இல் நிறுவப்பெற்ற மிலேனியம் ஐ.ரி. நிறுவனத்தை 2009இல் இலண்டன் பங்குச் சந்தை வாங்கியது. நம் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டங்களின் கல்வி வசதி கருதப்படுகின்றது. வசதி குன்றிய மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. நிறுவன வாயிலில் அக்கருத்துக்கு இடமில்லை. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள உச்சமுனையிலிருந்து வருபவரும், கொழும்பின் பெருங்கல்லூரியிற் பயின்று வருபவரும், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே, ஒரே புதிருக்கு விடை கூறவேண்டும். பயிற்சியின் மிகுதி அங்கே திறமையாகத் தோற்றமளிக்கக்கூடும்.

கரைவலை இழுக்க ஆள் தேடும் சம்மாட்டி, வந்தவரிடம் விடுகதை போடுவதில்லை. கயிற்றைக் கையிற் கொடுத்து, ஏனையோரோடு இசைந்து இழுக்கின்றாரா என்றே பார்ப்பார். கூடிச் செய்யும் தொழிலுக்குக் கூடிச் செய்வித்தே ஆள் தெரிதல் வேண்டும் என்பதே எழுபதாண்டு வரலாறு உணர்த்தும் பாடமாகும்.