கெட்டுப்போகாத ஒயின்

மெல்பர்னுக்கு வந்த புதிதில் நடந்த கதை இது. வங்கியின் பெரிய வாடிக்கையாளர் ஒருவரோடு இரவு விருந்து. "இன்று ஒயினை ருசி பார்ப்பது நீதான்" என்று மேலாளர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். பரிமாறுபவர் சிவப்பு ஒயினை ஒரு வாய் அளவுக்கு ஊற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முகர்ந்தேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. விலை உயர்ந்த ஒயின் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து, பெரிய நிபுணர் மாதிரி தலையை ஆட்டினேன். எட்டுப் பேருக்கும் ஊற்றினார்கள். வாடிக்கையாளர் இரண்டு மடக்கோடு கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

அது கெட்டுப்போன ஒயின் என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கார்க் அடைப்பான் வழியாக வரும் குறை. அதற்குக் காரணம் டிசிஏ என்ற வேதிப்பொருள்தான் என்று 1981ல் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் டான்னர் குழு கண்டறிந்தது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயினின் மணத்தைக் கொன்றுவிடும். அந்த ஒரு வாய் ஊற்றுவது "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதற்கு அல்ல, "கெட்டிருக்கிறதா?" என்று கேட்பதற்கு. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று அன்றைக்குப் புலம்பினேன். அது பொய்.

எங்கள் ஊர் அம்பூரி. நெய்யாறு அணைக்கு மேலே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையோரம். 1956ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகாவோடு நாங்கள் கேரளத்தில் நின்றோம். கீழே பாறசாலைப் பக்கம் பனையேறுகிறவர்கள் கலயத்தை மூக்கருகே கொண்டுபோனாலே சொல்லிவிடுவார்கள், இது அக்கானியா கள்ளா என்று. கலயத்தில் பூசிய சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி கள்ளாகும், கள் மேலும் கிடந்தால் காடியாகும். திராட்சைச் சாறு போகிற வழியும் இதேதான்.

அம்மாச்சி கிறிஸ்துமசுக்கு ஒரு மாதம் முன்பே கறுத்த திராட்சை, சீனி, கோதுமை, கிராம்பு எல்லாம் போட்டுப் பரணியைத் துணியால் கட்டி வைப்பார். ஒரு வருஷம் துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தவர், "மக்களே, இது காடியாயிட்டு. கறிக்கு எடுத்துக்கிடலாம், ஆளுக்குக் குடுக்கண்டாம்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. நாக்கில்கூட வைக்கவில்லை.

இந்தத் தீர்ப்புக்கு எங்கள் பக்கம் பழைய வரலாறு உண்டு. கோட்டயம், பாலா பக்கமிருந்து மலையேறிக் குடியேறிய சிரியன் கத்தோலிக்கர் நிறைந்த ஊர் அம்பூரி. அவர்களுடைய முன்னோர், திராட்சை கிடைக்காத மலபாரில், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து பூசைக்குப் பயன்படுத்தினார்கள். 1599 ஜூனில் கோவா பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய திருச்சபை மன்றம் இதைப்பற்றியும் பேசியது. ஆண்டுதோறும் மஸ்கடெல் ஒயின் அனுப்பும்படி போர்ச்சுகல் மன்னரைக் கேட்டுக்கொண்டது. கிழக்குத் திருச்சபைகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 706ஆம் விதியும் அதிகம் கேட்பதில்லை: திராட்சையிலிருந்து வந்த இயற்கை ஒயின், கெட்டுப்போகாதது. எந்தத் தோட்டம், எந்த வருஷம், என்ன விலை என்ற கேள்வியே இல்லை.

ஒயின் ஏன் கெடுகிறது என்பதை விளக்கியவர் லூயி பாஸ்டர். பிரான்சின் ஒயின் கெட்டு வணிகம் அடிபட்டபோது, மூன்றாம் நெப்போலியன் 1863ல் அவரிடம் அந்த வேலையைக் கொடுத்தார். நுண்ணுயிர்களே காரணம் என்று 1866ல் புத்தகமாக எழுதினார். காற்றுப் பட்டால் ஒருவகை பாக்டீரியா ஆல்கஹாலைப் புளித்த அமிலமாக்கும். பரணியின் வாய்த்துணி தளர்ந்திருந்தது என்று அம்மாச்சி சொன்னதும் இதைத்தான்.

ஆக, கெட்டதைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், "எது சிறந்தது?" என்று கேட்கும்போது.

1855 பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ நகரத்துத் தரகர்கள் சிவப்பு ஒயின்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். ருசி பார்த்து அல்ல, சந்தை விலையை வைத்து. (வங்கிக்காரனுக்குப் பிடித்த முறை!) மூட்டோன் ரோத்சில்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏற 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றே வருஷத்தில் வந்தது வினை. 1976 மே 24 அன்று ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, பாரிசில் லேபிளை மறைத்து ஒரு போட்டி வைத்தார். பிரெஞ்சு நடுவர்கள் ஒன்பது பேர், 20க்கு மதிப்பெண். சிவப்பில் முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. மூட்டோன் 1970 இரண்டாமிடம். லேபிள் தெரிந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா?

ஆஸ்திரேலியாவிலும் ஒரு கதை உண்டு. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மேக்ஸ் ஷூபர்ட் 1951ல் கிரேஞ்ச் என்ற சிவப்பு ஒயினைப் பரிசோதனையாகச் செய்தார். ருசி பார்த்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 1957ல் நிறுத்தச் சொல்லி உத்தரவு. மனுஷன் மூன்று வருஷம் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டே இருந்தார். பழைய பாட்டில்கள் முதிர்ந்த பிறகு மறுபடி ருசி பார்த்துவிட்டு, 1960ல் அதே நிர்வாகம் அனுமதி கொடுத்தது. எந்த 1955ஆம் வருஷ ஒயினை இளசாக இருக்கும்போது மட்டம் தட்டினார்களோ, அதுவே பிறகு தங்கப் பதக்கங்களாக வாங்கிக் குவித்தது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சிறந்தது எது என்பதில் பெரிய நிபுணர்களே சறுக்குகிறார்கள், அதில் நமக்கு வெட்கம் வேண்டாம். ஆனால் ஈர அட்டை வாடை, காடி அல்லது நகப்பூச்சு வாடை, வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிளின் வாடை, இவை வந்தால் தைரியமாகச் சொல்லிவிடலாம். அழுகிய முட்டை வாடை மட்டும் சில நேரம் கோப்பையைச் சுழற்றினால் போய்விடும், கொஞ்சம் பொறுங்கள். குதிரை லாய வாடையைக் குறை என்பவரும் உண்டு, ரசிப்பவரும் உண்டு. அதில் நான் தலையிடுவதில்லை :-)

போன வருஷம் திருமண நாளுக்கு வெளியே சாப்பிடப் போனோம். மறுபடி அதே ஈர அட்டை. இந்தமுறை, "இது கெட்டுவிட்டது" என்றேன். பரிமாறுபவர் முகர்ந்து பார்த்தார், மன்னிப்புக் கேட்டார், வேறு பாட்டில் கொண்டுவந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "என்னங்க, இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்றார் தங்கமணி.

பி.காம் பாடத்தில் இது இல்லை. அம்மாச்சி முகர்ந்துவிட்டுப் பரணியைத் தள்ளிவைத்தது மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

டிஸ்கி: குடிக்கச் சொல்லும் பதிவல்ல. கேரளத்தில் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது அப்காரி சட்டப்படி குற்றம் என்று 2019 டிசம்பரில் எக்சைஸ் துறை எச்சரித்தது. ஊருக்குப் போய்ப் பரணியைத் தேடுகிறவர்கள் கவனம்.