உணரிச் சிக்னல் பகிர்வு

உணரிச் சிக்னல் பகிர்வு என்பது அழுத்தம், வெப்பநிலை, நீர்மட்டம் போன்றவற்றை அளக்கும் ஒரே உணரியின் அனலாக் சிக்னலை ஒன்றுக்கு மேற்பட்ட பாதுகாப்புக் கட்டுப்படுத்தி உள்ளீடுகளுக்குக் கொண்டுசெல்லும் மின்னிணைப்பு முறை. உள்ளீட்டு அட்டைகளில் ஒன்று பழுதானாலும் ஆபத்து நேரத்தில் ஆலையை நிறுத்தும் திறன் குறையக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

பின்னணி

கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுக்கும் ஆலைகளில், பாய்லர் டிரம்மின் நீர்மட்டம் முதன்மையான பாதுகாப்பு அளவு. மட்டம் மிகவும் இறங்கினால் குழாய்கள் காய்ந்து வெடிக்கலாம். மிகவும் ஏறினால் நீராவியோடு நீரும் கலந்து சென்று டர்பைனைச் சேதப்படுத்தும். இத்தகைய அளவுகளை உணரியோடு இணைந்த டிரான்ஸ்மிட்டர் பொதுவாக 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புகிறது. கீழ் எல்லை சுழியாக இல்லாமல் 4 ஆக இருப்பதால், கம்பி அறுந்தால் உடனே தெரிந்துவிடும். நாமூர் என்ற தொழில்துறைச் சங்கத்தின் என்.இ. 43 பரிந்துரையின்படி 3.6-க்குக் கீழும் 21-க்கு மேலும் வரும் அளவுகள் பழுதைக் குறிக்கும்.

இணைக்கும் முறைகள்

*தொடரிணைப்பு:* ஒரே மின்னோட்டம் இரு உள்ளீடுகளின் வழியாகவும் அடுத்தடுத்துப் பாய்கிறது. 24 வோல்ட் மின்வழங்கியில் டிரான்ஸ்மிட்டருக்கே 12 வோல்ட் தேவையானால், 22 மில்லி ஆம்பியரில் சுற்று ஏறத்தாழ 545 ஓம் வரைதான் தாங்கும். தலா 250 ஓம் கொண்ட இரு உள்ளீடுகள் போக, கம்பிக்கு எஞ்சுவது 45 ஓம் மட்டுமே. ஓர் அட்டையைக் கழற்றினால் சுற்றே அறுந்து மற்ற அட்டையும் சிக்னலை இழக்கும். இதைத் தவிர்க்க, உள்ளீட்டு முனைகளுக்குக் குறுக்கே ஜீனர் டையோடு பொருத்துவதுண்டு.

*பொது மின்தடை:* இணைப்புப் பலகையில் துல்லியமான ஒரு 250 ஓம் மின்தடையை வைத்தால் மின்னோட்டம் 1 முதல் 5 வோல்ட்டாக மாறும். உயர் மின்தடை கொண்ட மின்னழுத்த உள்ளீடுகள் பலவற்றை அதற்குப் பக்க இணைப்பில் சேர்க்கலாம். அட்டையைக் கழற்றினாலும் சுற்று அறாது. ஆனால் அந்த மின்தடையின் மதிப்பு பிசகினால் எல்லா உள்ளீடுகளும் ஒரே தவறான அளவைக் காட்டும்.

*ஸ்பிளிட்டர்:* ஒரு சிக்னலை வாங்கி, ஒன்றுக்கொன்று மின்தொடர்பற்ற இரு சிக்னல்களாகத் தரும் கருவி. எர்த் கோளாறுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவாது. எனினும், பழுதாகக்கூடிய பொருள்களின் பட்டியலில் இதுவும் ஒன்றாகச் சேர்கிறது.

தவறான இணைப்பு

மின்னோட்ட உள்ளீடுகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்ப்பது ஆபத்தானது. மின்னோட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். அழுத்தம் உச்சத்தைத் தொட்டு டிரான்ஸ்மிட்டர் 20 மில்லி ஆம்பியர் அனுப்பினாலும் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் 10 மட்டுமே வந்துசேரும். அது 37.5 விழுக்காடாகப் பதிவாவதால் உயரழுத்த ட்ரிப் (தானியங்கி நிறுத்தம்) நிகழாது. இரண்டு அட்டைகளும் ஒரே அளவைக் காட்டுவதால் ஒப்பீட்டுச் சோதனையிலும் பிழை பிடிபடாது.

கல்பாக்கம்

தமிழ்நாட்டில் பன்மடிப் பாதுகாப்பு முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கல்பாக்கத்தில் உள்ள 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை. அதன் எரிபொருள் தொகுப்புகளிலிருந்து வெளியேறும் திரவச் சோடியத்தின் வெப்பநிலையைத் தொகுப்புக்கு இரண்டு வெப்பமின் இரட்டைகள் அளக்கின்றன. அந்த அளவுகளை மூன்று நிகழ்நேரக் கணினிகள் ஆராய்கின்றன; மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால் உலையை நிறுத்தும் ஆணை பிறக்கும். குரோமெல்-அலுமெல் வகை வெப்பமின் இரட்டை 550 டிகிரி செல்சியஸில் தருவது ஏறத்தாழ 23 மில்லிவோல்ட் மட்டுமே. இவ்வளவு சிறிய சிக்னலைப் பகிரும்போது, கம்பி அறுந்ததைக் கண்டறிய ஓர் அட்டை செலுத்தும் மின்னோட்டம் மற்ற அட்டையின் அளவைப் பிசகச் செய்யலாம்.

வரம்பு

மின்னணுப் பாதுகாப்பு அமைப்புகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.இ.சி. 61508; செயல்முறைத் தொழில்களுக்கான ஐ.இ.சி. 61511 முதலில் 2003-இல் வெளிவந்தது. இவற்றின்படி பாதுகாப்புத் தரம் உணரி, கட்டுப்படுத்தி, வால்வு என்ற முழுச் சங்கிலிக்கும் சேர்த்தே கணக்கிடப்படும். கட்டுப்படுத்தி மூன்றாக இருந்தாலும் உணரி ஒன்றே என்றால், உணரிப் பகுதியின் பழுது தாங்கும் எண் சுழிதான். சிக்னல் பகிர்வு காப்பது அட்டைப் பழுதிலிருந்து மட்டுமே. உணரிப் பழுதிலிருந்தும் காப்பு வேண்டுமானால் தனித்தனி உணரிகளைப் பொருத்துவதே வழி.