ஒரே பேர், ஒரே டிக்கெட் விலை... பஸ் மட்டும் வேற வேற! 'பிரீமியம்' பேருந்துகளில் நடப்பது என்ன?

ஆப்பில் பார்த்தது பளபள ஸ்லீப்பர். கிளாம்பாக்கத்தில் வந்து நிற்பதோ கிழிந்த திரை, வேலை செய்யாத சார்ஜர். பேர் மட்டும் அதேதான். ஏன் இப்படி?

'பிரீமியம்', 'லக்சுரி', 'அல்ட்ரா' எல்லாம் கம்பெனி வைக்கும் பேர்கள். பஸ் பாடிக்கான ஏஐஎஸ்-052 விதியில் இருப்பது நான்கே வசதி நிலைகள்: நான்-டீலக்ஸ், செமி டீலக்ஸ், டீலக்ஸ், ஏசி டீலக்ஸ்.

அடுத்தது, எல்லா பஸ்ஸும் அந்த பிராண்டுக்குச் சொந்தமானது இல்லை. வேறு உரிமையாளரின் வண்டிக்கு பிராண்ட் பெயின்ட் அடித்து ஓட்டுவதும் உண்டு. சேஸிஸ் ஒரு கம்பெனி, பாடி கட்டுவது கரூர் போன்ற ஊர்களில் இருக்கும் பட்டறை. அதனால் ஒரே மாடலிலும் உள்ளே வித்தியாசம் வரும்.

சீட் கிழிஞ்சிருந்தா எரிச்சலோடு போச்சு. அவசர வழி இல்லன்னா? 2025 அக்டோபரில் ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் ஏசி ஸ்லீப்பர் பஸ் எரிந்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஸ்லீப்பருக்கென்றே ஏஐஎஸ்-119 விதி இருக்கிறது. ஆனால் பதிவுக்குப் பிறகு உள்ளே செய்யும் மாற்றங்கள்தான் சிக்கலே.

பஸ் நம்பர் மெசேஜில் வந்ததும் எம்பரிவாஹன் ஆப்பில் போட்டால் வண்டியின் வகை, எஃப்சி தேதி தெரியும். 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடாவருடம் எஃப்சி கட்டாயம். உள்ளே செய்த மாற்றம் மட்டும் இதில் தெரியாது. ஏறியதும் அவசர கதவையும் கண்ணாடி உடைக்கும் சுத்தியலையும் பார்த்துவிடுங்கள்.

புக் செய்தது ஒன்று, வந்தது வேறொன்றா? ஸ்கிரீன்ஷாட், போட்டோவோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.