பாசுவின் யானைகள்: புள்ளியியல் கற்பித்தலில் ஓர் எதிர் எடுத்துக்காட்டு

இந்தியப் புள்ளியியல் அறிஞர் தேவபிரத பாசு 1971இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கற்பனைச் சர்க்கஸ் இடம்பெறுகிறது. ஒரு யானையை மட்டும் நிறுத்து, 50 யானைகளின் மொத்த எடையை மதிப்பிட வேண்டும். சராசரி எடையுள்ள சாம்போவை நிறுத்து 50ஆல் பெருக்க நினைக்கிறார் உரிமையாளர். புள்ளியியலாளரோ சாம்போவுக்கு 99/100, ஏனைய ஒவ்வொன்றுக்கும் 1/4900 எனத் தேர்வு நிகழ்தகவை வகுக்கிறார். சாம்போவே தேர்வாகிறது. 1952ஆம் ஆண்டின் ஹார்விட்ஸ்–தாம்சன் முறைப்படி எடையை நிகழ்தகவால் வகுத்தால், 50 யானைகளின் மொத்த எடை சாம்போவின் எடையைவிடச் சற்றே மிகுதி! வேறு யானை தேர்வாகியிருப்பின் அதன் எடை 4900 மடங்காகியிருக்கும். இம்மதிப்பீட்டு முறை பிறழ்ச்சியற்றது. எனினும் எத்தேர்விலும் உண்மையை நெருங்காது. பிறழ்ச்சியின்மை பல தேர்வுகளின் சராசரிக்குரிய பண்பு. கையிலுள்ள ஒரு மதிப்பீட்டுக்கு அது உறுதியளிப்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விளைச்சலை ஒரே தோட்டத்தைக் கொண்டு மதிப்பிடச் சொன்னால், தேனி மாணவர்களும் இதே வினாவை எதிர்கொள்வர்.